ஆறு மணி நேரக் கரை

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழருள் எண்பது வயதைத் தாண்டியவர்களிடம் கப்பல் என்று சொன்னால், அவர்கள் நெஞ்சில் முதலில் எழுவது ‘ரஜூலா’வாகத்தான் இருக்கும். 1926ஆம் ஆண்டில் கட்டப்பட்ட அந்த நீராவிக் கப்பல், சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆள்களை ஏற்றிக்கொண்டு வங்கக் கடலைக் கடந்து, பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று துறைதோறும் இறக்கிவிட்டுச் சென்றது. தொடக்கத்தில் 5,000 பேருக்கும் மேற்பட்ட தளத்துப் பயணிகளை ஏற்றிக்கொள்ள அதற்கு உரிமம் இருந்தது. தளத்துப் பயணிக்கு அறை இல்லை. பாய் விரித்த இடமே வீடு. பக்கத்துப் பாய்க்காரரே அண்டை வீட்டார். ரஜூலா 1973இல் விற்கப்பட்டு, அடுத்த ஆண்டே உடைக்கப்பட்டது. அதன்பின் அத்தடத்தில் ஓடிய ‘சிதம்பரம்’ 1985இல் தீ விபத்துக்குள்ளான பிறகு மீண்டும் பயணிகளை ஏற்றவில்லை. அந்தக் கப்பல்களில் வந்தோர், எந்தத் துறையில் இறங்கி எதைப் பார்ப்பது என்று திட்டமிட்டு வந்தவர்கள் அல்லர்.

இன்று அதே மலாக்கா நீரிணையில் வேறு வகைக் கப்பல்கள் போய்வருகின்றன. சிங்கப்பூரின் உல்லாசக் கப்பல் முனையங்களிலிருந்து, அவற்றுள் ஒன்றான மரினா பே முனையம் 2012இல் திறக்கப்பட்டது, மூன்று இரவு, நான்கு இரவுப் பயணங்கள் ஆண்டு முழுவதும் புறப்படுகின்றன. கிள்ளான், பினாங்கு, தாய்லாந்தின் புக்கெட் ஆகியவை அவை தொடும் துறைகள். பள்ளி விடுமுறை வந்தால் ஆசிரியர் குடும்பங்களும் அவற்றில் ஏறுகின்றன. தோட்டத்து லயத்தில் பிறந்து, ஆசிரியராக ஓய்வு பெற்று, பேரப் பிள்ளைகளோடு கப்பலில் ஏறும் ஒருவரை இன்று காண்பது அரிதன்று. மாலை வேளையில் மேல்தளத்துக் கைப்பிடியில் சாய்ந்து நிற்கும் அவருக்குக் கீழே ஓடுவது பாட்டன் வந்த அதே நீர்தான்.

ஆனால், இப்பயணத்துக்கு ஆயத்தம் செய்வோர் பெரும்பாலும் கப்பலைப் பற்றியே விசாரிக்கின்றனர். எத்தனை தளங்கள், எத்தனை உணவகங்கள், நீச்சல் குளம் உண்டா, இரவில் என்ன நிகழ்ச்சி என்று கேட்டுத் தெரிந்துகொள்கின்றனர். கரையைப் பற்றிய எண்ணம் கப்பல் துறையை அடையும் காலையில்தான் பிறக்கிறது. அதற்குள் நேரம் கடந்துவிடுகிறது. கப்பலுக்குள் கிடைப்பவை எல்லாம் பிற்பாடு வேறொரு கப்பலிலும் கிடைக்கும். பினாங்கில் கழியும் பகல் ஒன்றுதான். எனவே, திட்டத்தைக் கரையிலிருந்து தொடங்கி, பின்னோக்கிப் போடுவதே அறிவுடைமை.

பயண அட்டவணையில் ‘காலை 8 முதல் மாலை 6 வரை’ என்று அச்சிட்டிருந்தால், கரையில் பத்து மணி நேரம் இருப்பதாகவே எவரும் எண்ணுவர். எட்டு மணி என்பது கப்பல் துறையை அணையும் நேரம். அதன்பின் துறைமுக அதிகாரிகள் அனுமதி தரவேண்டும். மூன்றாயிரம், நான்காயிரம் பேர் கொண்ட கப்பலில் எல்லாரும் ஒரே வேளையில் படியை நோக்கி நகர்வர். குடிநுழைவுச் சோதனையில் வரிசை நிற்கும். கால் தெருவைத் தொடும்போது ஒன்பதரை ஆகிவிடலாம். மாலை ஆறு என்பது கயிறு அவிழும் நேரமே ஒழிய, பயணி ஏறும் நேரம் அன்று. எல்லாரும் ஏறிவிடவேண்டிய நேரம் அதற்கு அரை மணியோ ஒரு மணியோ முன்னதாகக் குறிக்கப்படும். அதற்கும் ஒரு மணி முன்பே துறைக்குத் திரும்பிவிட வேண்டும் என்று வைத்துக்கொள்வது நல்லது. ஏனெனில் பினாங்கின் பிற்பகல் மழைக்கும் சாலை நெரிசலுக்கும் கப்பலின் அட்டவணை தெரியாது. உண்பதற்கும் ஓய்வறைக்கும் போக, எஞ்சுவது ஆறு மணி நேரம். மூன்று இரவுப் பயணத்துக்குக் கட்டிய பணத்தில் பெரும்பகுதி இந்த ஆறு மணி நேரத்துக்காகவே என்று எண்ணிக்கொண்டால், அதை எப்படிச் செலவிடுவது என்ற கேள்விக்கு உரிய மதிப்பு தாமாகவே வந்துவிடும்.

கடிகாரத்தைப் பற்றி ஒரு சொல். மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் நேரம் ஒன்றே. தாய்லாந்து ஒரு மணி நேரம் பின்தங்கியது. புக்கெட்டில் இறங்குவோரின் கைத்தொலைபேசி தானாகவே தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிடும். கப்பலோ சிங்கப்பூர் நேரத்திலேயே நிற்கலாம். ‘மூன்று மணிக்கு ஏறுக’ என்ற அறிவிப்பைத் தொலைபேசியின் மூன்று மணியாகக் கொள்பவர், கப்பல் போன கடலைப் பார்த்து நிற்க நேரிடும். இறங்குமுன் கப்பலின் நேரம் எது என்று கேட்டறிந்து, கைக்கடிகாரம் ஒன்றை அதற்கு வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

துறை தோறும் கரையின் இயல்பு வேறு. எல்லாத் துறைகளுக்கும் ஒரே முறை பொருந்தாது. கிள்ளானை எடுத்துக்கொள்வோர், அட்டவணையில் ‘கோலாலம்பூர்’ என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருப்பதைக் கண்டு மயங்கிவிடக் கூடாது. உல்லாசக் கப்பல் அணையும் முனையம் புலாவ் இண்டா தீவில் இருக்கிறது. அங்கிருந்து கோலாலம்பூர் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். போக ஒரு மணிக்கு மேல், வர ஒரு மணிக்கு மேல், நெரிசல் இருந்தால் அதற்கும் அதிகம். பத்து மலையின் 272 படிகளையும் ஏறி, இரட்டைக் கோபுரத்தையும் கண்டு, கடைத்தெருவிலும் நுழைந்து வருவோம் என்று கிளம்புவோர் அந்நாளின் பாதியைப் பேருந்தின் சன்னலோரத்தில் கழிப்பர். இத்துறையில் கப்பல் நிறுவனமே ஏற்பாடு செய்யும் கரைச் சுற்றுலாவில் சேர்வது தக்கது. அதன் கட்டணம் கூடுதல்தான். ஆனால், அதன் பேருந்து நெரிசலில் சிக்கினால் கப்பல் பொதுவாகக் காத்திருக்கும். சொந்தமாக வாடகைக் காரில் போனவருக்காகக் காத்திராது. அந்தக் கூடுதல் பணத்தைக் காப்புறுதிக் கட்டணமாகவே கருதலாம். அவ்வளவு தொலைவு வேண்டாம் என்போர் கிள்ளான் நகருக்கே போய், தெங்கு கிளானா சாலையின் தமிழ்க் கடைகளில் உண்டு, பொருள் வாங்கி, களைப்பின்றித் திரும்பலாம். பேருந்தில் கழியும் பத்து மலையைக் காட்டிலும் நிதானமாகக் கண்ட கிள்ளான் மேலானது.

புக்கெட்டில் பல கப்பல்கள் துறையில் அணையாமல் கடலில் நங்கூரமிட்டு நிற்கும்; பயணிகளைச் சிறுபடகுகள் கரை சேர்க்கும். அப்படகுக்கு எண்ணிட்ட சீட்டு வாங்கவேண்டும். கப்பலின் சுற்றுலாவில் சேர்ந்தவர்களுக்கே முதலிடம். அலை மிகுந்தால், சக்கர நாற்காலியில் இருப்போரைப் படகில் ஏற்ற மறுப்பதும், தென்மேற்குப் பருவக் காற்றுக் காலத்தில் கரையிறக்கத்தையே கைவிடுவதும் உண்டு. முதியோரை அழைத்துச் செல்வோர் முன்பதிவின்போதே ‘கப்பல் துறையில் அணையுமா, நங்கூரமிடுமா’ என்று கேட்டுவிட வேண்டும். விளம்பரத் தாள்களில் இச்செய்தி மிகச் சிறிய எழுத்தில் இருக்கும். சில வேளை இராது.

பினாங்கு இவ்விரண்டிலிருந்தும் மாறுபட்டது. சுவெட்டன்ஹாம் துறையில் இறங்கி வெளியே வந்தால், ஜார்ஜ் டவுன் நகரம் காலடியிலேயே தொடங்குகிறது. எதிரே விக்டோரியா அரசியாரின் அறுபதாண்டு ஆட்சியைக் குறிக்க அறுபது அடி உயரத்தில் எழுப்பிய மணிக்கூண்டு. அதை அடுத்து கார்ன்வாலிஸ் கோட்டை. பின்னர் கடலோரத் திடல். 2008இல் மலாக்காவுடன் உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்க்கப்பட்ட பழைய நகரம் முழுவதும் நடக்கும் தொலைவில் அடங்கிவிடும். இங்கே பேருந்தும் வழிகாட்டியும் தேவையில்லை. நல்ல செருப்பும் குடையும் தண்ணீர்ப் புட்டியும் போதும்.

குவீன் தெருவின் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில் 1833இல் எழுந்தது. அதிலிருந்து சற்றுத் தொலைவில், தமிழ் முஸ்லிம் வணிகர் தலைவர் ஒருவரின் பதவிப் பெயரையே தாங்கிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். அதே சாலையில் சீனரின் கருணைத் தேவி கோயில். மாணவர்களை அழைத்து வரும் ஆசிரியர், பாடநூலில் பல பக்கங்கள் எடுத்துக்கொள்ளும் குடியேற்ற வரலாற்றை இந்தச் சில நூறு அடிகளுக்குள் காட்டிவிடலாம். நாசி கண்டார் கடையில் உண்ணும்போது, தமிழ் முஸ்லிம்கள் தோளில் காவடித் தண்டு சுமந்து துறைமுகத் தொழிலாளர்க்குச் சோறு விற்றதால் அவ்வுணவுக்கு அப்பெயர் வந்தது என்பதையும் சொல்லிவைக்கலாம். சொல்லாய்வில் ஈடுபாடுள்ள மாணவனுக்கு ஒரு தட்டுச் சோறு ஒரு பாடமாகும். ஆனால், வரிசை முக்கியம். கோயில்களின் நடை பொதுவாக நண்பகலில் சாத்தப்பட்டு, மாலையில்தான் திறக்கப்படும். இறங்கியவுடன் உண்டுவிட்டு, பிறகு கோயிலுக்குப் போகலாம் என்போர் மூடிய கதவைத்தான் வணங்குவர். வெள்ளிக்கிழமை நண்பகல் பள்ளிவாசலில் தொழுகை நேரம். பார்வையாளர் அப்பொழுது செல்லலாகாது. கோயில் முதலில், பள்ளிவாசல் அடுத்து, உணவு பின்னர் என்பதே கப்பல் பயணிக்கு ஏற்ற முறை.

பினாங்கு மலை, ஆயர் ஈத்தாமின் பௌத்த ஆலயம், தண்ணீர்மலை ஆகிய மூன்றும் நகரத்துக்கு வெளியே உள்ளவை. மலை ரயிலுக்குக் காத்திருக்கும் வரிசை விடுமுறை நாள்களில் நெடியது. ஆறு மணி நேரத்தில் இவற்றுள் ஒன்றைப் பார்க்கலாம். மூன்றையும் பார்ப்பதாகச் சொல்லும் முகவர், பார்ப்பது என்ற சொல்லுக்கு வேறு பொருள் வைத்திருக்கிறார்.

சிங்கப்பூரில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், எண்பத்தேழு வயதான தம் தாயாரை இப்படி ஒரு பயணத்தில் அழைத்துச் சென்றார். அவ்வம்மையார் 1949இல், பதினோரு வயதில், தஞ்சை மாவட்டச் சிற்றூர் ஒன்றிலிருந்து தம் தாயோடு ரஜூலாவில் வந்து பினாங்கில் இறங்கியவர். அங்கிருந்து கெடாவில் ஒரு தோட்டம். திருமணத்துக்குப் பின் சிங்கப்பூர். பினாங்குக்கு மீண்டும் போகும் வாய்ப்பு அவருக்கு வந்ததில்லை. குடும்பத்தில் இளையோர் மலை ரயிலை விரும்பினர். முகவர் தந்த சுற்றுலாவிலும் மலையும் ஆலயமும் இருந்தன. ஆசிரியர் குடும்பத்தை இரண்டாகப் பிரித்தார். இளையோரைக் கப்பலின் சுற்றுலாவோடு அனுப்பினார். தாயாரைச் சக்கர நாற்காலியில் அமர்த்திக்கொண்டு, முதல் கூட்டம் கலைந்த பிறகு, பத்து மணியளவில் நிதானமாக இறங்கினார்.

முன்பே அவர் தெருக்களின் படத்தைப் பார்த்து வைத்திருந்தார். பழைய கடைவரிசைகளின் அஞ்சடிகள் மேடும் பள்ளமுமாக இருக்கும். ஒரு கடையின் வாசலுக்கும் அடுத்ததற்கும் படி இருக்கும். அங்கே சக்கர நாற்காலி ஓடாது. எனவே, வண்டிகள் குறைந்த தெருக்களைத் தேர்ந்து, தெரு ஓரமாகவே தள்ளிச் சென்றார். மாரியம்மன் கோயிலில் நடை சாத்துமுன் வழிபாடு முடிந்தது. உணவும் அருகிலேயே. பன்னிரண்டரை மணிக்கெல்லாம் கடலோரத் திடலில் மர நிழலைத் தேடி அமர்ந்துவிட்டனர். வேறு எங்கும் போகவில்லை.

தாம் இறங்கிய இடம் எது என்று அம்மையாரால் சுட்டிக்காட்ட இயலவில்லை. கொட்டகை ஒன்று இருந்தது, வரிசையாக நிற்கவைத்தார்கள் என்பது மட்டும் நினைவில் இருந்தது. ஜெராஜாக் தீவின் பெயரைக் கேட்டதும், கப்பலில் நோய் கண்டால் அங்கே கொண்டுபோய் வைத்துவிடுவார்கள் என்று பெரியவர்கள் பயந்து பேசிக்கொண்டதைச் சொன்னார். நெடுநேரம் நீரைப் பார்த்திருந்துவிட்டு, யாரும் கேட்காமலே வேறொன்றும் சொன்னார்: “எறங்குறப்போ கூட்டத்துல தொலஞ்சிடக் கூடாதுன்னு, எங்கம்மா முந்தானையை என் கையில சுத்திக் கட்டிட்டாங்க. கப்பலை விட்டு வந்தும் அவுக்கவே இல்ல. ரயில்ல ஏறுற வரைக்கும் கட்டியே இருந்துச்சு.”

அறுபத்து மூன்று வயது மகன் அதை அன்றுதான் முதன்முறையாகக் கேட்டார். பாட்டியை அவர் பார்த்ததில்லை, நிழற்படமும் இல்லை. அந்த முந்தானை முடிச்சு ஒன்றே அவருக்குக் கிடைத்த பாட்டி. இரண்டு மணி நேரம் எங்கும் போகாமல் அமர்ந்திருக்கத் திட்டத்தில் இடம் வைத்திராவிட்டால் அச்சொல் வந்திராது. மூத்தோரோடு செல்லும் எந்தக் குடும்பமும், கரையில் கிடைக்கும் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கையேனும் ஒன்றும் செய்யாதிருப்பதற்கென ஒதுக்கிவைப்பது நன்று. மலை ரயிலுக்குப் போன இளையோர் மகிழ்ச்சியாகவே திரும்பினர் என்பதையும் சொல்லவேண்டும்.

இனி, கப்பலைப் பற்றிச் சுருக்கமாக. விளம்பரத்தில் காணும் கட்டணம், ஓர் அறையில் இருவர் தங்கினால் ஒருவருக்கு ஆகும் தொகை. தனியாகச் செல்பவர் ஏறக்குறைய இருவர் கட்டணத்தையே கட்ட நேரிடும். துறைமுகக் கட்டணம், வரி, ஒவ்வொருவருக்கும் ஒவ்வோர் இரவுக்கும் சேரும் பணியாளர் அன்பளிப்பு ஆகியவை தனி. இவற்றையெல்லாம் கூட்டிய பிறகே ஒரு கப்பலை மற்றொன்றோடு ஒப்பிடவேண்டும். அறையைத் தேர்வதில், உயரத் தளமும் மாடமும் அழகுதான். ஆட்டம் குறைவாக இருப்பது கீழ்த்தளங்களில் கப்பலின் நடுப்பகுதியில். மலாக்கா நீரிணைக்குச் சுமத்திரா அரணாக நிற்பதால் அங்கே கடல் பெரும்பாலும் அடங்கியிருக்கும். புக்கெட் பக்கம் அந்தமான் கடலில் அப்படி எதிர்பார்க்க முடியாது. நடனக் கூடத்துக்கு நேர் கீழே அறை வாங்கிவிட்டு உறக்கமின்றித் தவிப்போரும் உண்டு. தளங்களின் வரைபடத்தை ஒருமுறை பார்த்தால் அது தவிரும். சக்கர நாற்காலி நுழையும் அகன்ற கதவுள்ள அறைகள் சிலவே. அவை முதலில் தீர்ந்துவிடும். சைவ உணவு வேண்டுவோர் முன்பதிவிலேயே எழுதித் தந்துவிட வேண்டும்.

கடப்பிதழ் பயணம் முடிந்தபின்னும் ஆறு மாதங்களுக்கேனும் செல்லத்தக்கதாக இருத்தல் வேண்டும். வேறு நாட்டுக் கடப்பிதழில் இங்கே வேலை பார்ப்போரும், தமிழகத்திலிருந்து வந்த உறவினரும், கப்பல் தொடும் ஒவ்வொரு நாட்டுக்கும் விசா விதி என்ன என்றும், திரும்பி வருவது ஒரு புதிய நுழைவாகக் கொள்ளப்படுமா என்றும் முன்கூட்டியே உறுதிசெய்தல் வேண்டும். ‘ஒரு நாள் இறங்கி ஏறுவதுதானே’ என்ற எண்ணம் பலரை முனையத்திலேயே திருப்பி அனுப்பியிருக்கிறது. மருத்துவச் செலவையும், நோயாளியைக் கரைக்கு மாற்றும் செலவையும் ஏற்கும் பயணக் காப்புறுதி முதியோர்க்கு இன்றியமையாதது; கப்பலின் மருத்துவர் இலவசமாகப் பார்ப்பவர் அல்லர்.

ஏறியவுடன் நடக்கும் பாதுகாப்புப் பயிற்சியைத் தட்டிக்கழிப்பது நம்மவரிடையே ஒரு வழக்கமாகவே ஆகிவருகிறது. 2012 சனவரியில் இத்தாலியின் கிக்லியோ தீவருகே ‘கோஸ்டா கான்கார்டியா’ பாறையில் மோதிச் சாய்ந்தபோது, அன்று ஏறியவர்களுள் பலருக்கு அப்பயிற்சி நடந்திருக்கவில்லை. அதன் பிறகுதான், கப்பல் புறப்படுமுன்னரோ புறப்பட்ட உடனேயோ பயிற்சி நடந்தாகவேண்டும் என்று பன்னாட்டு விதி திருத்தப்பட்டது. ஏழு குறுகிய ஊதலும் ஒரு நெடிய ஊதலும் கேட்டால் எங்கே கூடவேண்டும் என்பதைக் குழந்தைகளுக்கும் நடந்து காட்டிவிட வேண்டும். கைத்தொலைபேசியையோ, கடலுக்குள் நுழைந்ததும் விமானப் பயன்பாட்டு நிலைக்கு மாற்றிவிடுவது நல்லது. கப்பலின் கோபுரத்தோடு அது தானாக இணைந்துகொண்டால், ஊர் திரும்பியபின் வரும் கட்டணச் சீட்டு பயணத்தையே கசக்கச் செய்யும்.

கரைக்குப் பழமோ சமைத்த உணவோ எடுத்துச் செல்லுதல் கூடாது. நோய்த்தடுப்பு விதிகள் அதைத் தடுக்கின்றன. சிங்கப்பூருக்குள் திரும்புவோர் சிகரெட்டுக்குத் தீர்வைச் சலுகை இல்லை என்பதையும், மலேசியாவிலிருந்து வருவோர்க்கு மதுவுக்கும் இல்லை என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும்.

கடைசி இரவு, பெட்டிகளை அறைக்கு வெளியே வைத்துவிடச் சொல்வர். பணியாளர் அவற்றை எடுத்துச் சென்று, மறுநாள் முனையத்தில் வண்ணச் சீட்டு வரிசைப்படி அடுக்கிவைப்பர். அதில் எல்லாவற்றையும் போட்டுப் பூட்டிவிட்டு, காலையில் மாற்றுடை இன்றி நிற்போர் ஒவ்வொரு பயணத்திலும் சிலராவது இருக்கின்றனர். மறுநாள் உடையும், கடப்பிதழும், முதியவர்களின் காலை மருந்தும் கைப்பையிலேயே இருக்கவேண்டும். பெட்டிக்காகக் காத்திருக்க மனமில்லாதோர் தாமே சுமந்துகொண்டு முதல் அழைப்பிலேயே இறங்கலாம். அன்று திங்கட்கிழமையாகவும், பள்ளி மணி ஏழரைக்கு அடிப்பதாகவும் இருந்தால், கப்பல் துறையை அணையும் நேரத்தைப் பார்த்த பிறகே பயண நாளைத் தேர்ந்திருக்க வேண்டும்.